லீலாவின் ஜிக்

பாண்டிச்செல்வி ஜெயித்தவற்றை ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றைப் பற்றியும் அது உனக்குக் கிடைக்காது என்று யாராவது முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்கள். கயத்தாறுப் பக்கம் அவள் வயதுப் பெண்கள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தபோது அவள் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தாள். பஸ் ஏறும்வரை அப்பா முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் ஒரகடத்துக்கு வேலைக்கு வந்து சேர்ந்தாள். அத்தை வேறு இடத்தில் பெண் பார்த்து, வெற்றிலை பாக்கு மாற்றுகிற அளவுக்குப் போன பிறகும், அத்தை மகன் மாரிராஜைத்தான் கட்டிக்கொண்டாள்.

அவள் பிறவியிலேயே இடக்கைக்காரி. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் விரல் கணுவில் தட்டித் தட்டி எழுதுவதை மட்டும் வலக்கைக்கு மாற்றிவிட்டார். மற்றதெல்லாம் இடக்கைதான். கம்பெனியில் அவளுக்கு, காருக்கு வேண்டிய ஒயர்களை ஒரு பெரிய பலகைமேல் வளைத்து, டேப் சுற்றிக் கட்டுகிற வேலை. அந்தப் பலகைக்கு ஜிக் என்று பேர். ஜிக் எல்லாமே வலக்கைக்காரர்களுக்காகச் செய்தவை. இடக்கைக்காரி லைனில் தாங்கமாட்டாள் என்றார் சூப்பர்வைசர். அவள் டேப் சுருளையும் கிளிப் டப்பாவையும் இடப்பக்கம் மாற்றி வைக்க வழி சொன்னாள். வேலையைச் சுலபமாக்க வழி சொல்கிறவர்களுக்கான கைசென் பரிசைக் கம்பெனி அவளுக்குக் கொடுத்தது. மேடையில் கூப்பிட்டு, கைதட்டி, ஒரு ஹாட் பாக்ஸ். ஆறு மாதத்தில் லைன் லீடர்.

கடைசியாக ஒரு கொடுவா மீன். அதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அவள் இன்றுவரை சொல்கிறாள். சேர்க்க வேண்டும். ஏன் என்பதற்குத்தான் இவ்வளவும்.

சேரப்பணஞ்சேரியில் மாடி வீடு ஒன்றில் இருவரும் வாடகைக்கு இருந்தார்கள். மாரிராஜுக்கு வல்லம் வடகாலில் ஒரு உதிரிபாகக் கம்பெனியின் டூல் ரூமில் வேலை. போன சித்திரையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான்.

"ஜிக் வேலை இருக்கு செல்வி. லீலா புது ஜிக் ஒண்ணு போட்டிருக்கா. டிரையல் பாக்கணும்."

லீலா என்பது அவனோடு டூல் ரூமில் வேலை பார்க்கிறவள், வல்லம் வடகால்காரி என்பதுவரை பாண்டிச்செல்விக்குத் தெரியும். ஜிக் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாதா? புதுப் பலகை வந்தால் டிரையல் பார்க்காமல் லைனில் ஏற்ற முடியாது. ஞாயிற்றுக்கிழமையும் ஓ.டி. பார்க்கிறானே என்று இரக்கப்பட்டு, முட்டையை அவிக்காமல் பொரித்து வைத்து அனுப்பினாள்.

ஆடி பிறந்ததும் ஒரு நாள் அவனுடைய பேன்ட்டை நனைத்துப் போடும்போது கால்மடிப்பில் சேறு. காய்ந்த, கருத்த, உப்பு பூத்த சேறு. சாக்ஸுக்குள்ளே பச்சையாக ஒரு துண்டு. நசுக்கினால் தண்ணீர் வந்தது, நாக்கில் வைத்தால் உப்புக் கரித்தது. உமரிச் செடி. தூத்துக்குடி உப்பளத்தில் சின்ன வயதில் பார்த்தது. டூல் ரூமில் உமரி எப்படி முளைக்கும்?

"எங்க போயிட்டு வாறிய?"

"கோவளத்துப் பக்கம் உப்பங்கழிக்கு. மீன் பிடிக்க."

"ஓ.டி.ன்னிய?"

"நான் எங்க ஓ.டி.ன்னேன்? ஜிக்குன்னுதானே சொன்னேன்." அவன் நிஜமாகவே குழம்பிப்போய் அவளைப் பார்த்தான். "தூண்டில்ல புழுவுக்குப் பதிலா ஒரு பொம்மை மீனைக் கட்டி எறியுறது. அதுக்கும் ஜிக்குன்னுதான் பேரு. லீலாவே மரத்துல செதுக்கிச் செய்யுதா. அது தண்ணிக்குள்ள நெளியுறதப் பாத்தா நீயே மடவை மீனுன்னு நெனப்ப."

பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். அவன் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை. தப்பாக விளங்கிக்கொண்டது இவள். பொரித்த முட்டை எல்லாம் உப்பங்கழிக்குப் போயிருக்கிறது. யாரோடு என்று கேட்கவும் இடமில்லை. பேரைச் சொல்லித்தானே ஒவ்வொரு வாரமும் கிளம்பினான்.

அவன் குளிக்கப் போனதும் பாண்டிச்செல்வி அவனுடைய தூண்டில் பையை அவிழ்த்தாள். மேலே கிடந்தது அவளுடைய ஹாட் பாக்ஸ். மேடையில் வாங்கியதேதான், மூடியில் கம்பெனி ஸ்டிக்கர்கூட உரியவில்லை. உள்ளே ஈயக்கட்டியும் தூண்டில் முள்ளும் கலகலத்தன. அதற்கடியில் மூக்குக்கண்ணாடி துடைக்கிற மஞ்சள் துணியில் எதையோ சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தான். பிரித்தாள். விரல் நீளத்துக்கு ஒரு மர மீன். முதுகில் பாசி நிறம், வயிற்றில் வெள்ளி, செதிலுக்குச் செதில் கீறி வார்னிஷ் அடித்தது. வயிற்றுக்கு அடியில் பொடி எழுத்தில் 'லீலா' என்று கையெழுத்து. ஒரு கீறல் இல்லை. ஒரு தடவைகூடத் தண்ணீர் காணாத மீன்.

குளித்துவிட்டு வந்தவன் அதை அவள் கையில் பார்த்ததும் ஈரக்கையைத் துண்டில் துடைத்துவிட்டு வாங்கினான். ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்தான்.

"என்னா வேலைப்பாடு பாத்தியா."

"இத ஏன் எறியல?"

"பாறையில சிக்குனா போயிரும்லா. இது எறியுறதுக்கு இல்ல."

லீலா அழகியா, கல்யாணம் ஆனவளா என்பதெல்லாம் அப்போது பாண்டிச்செல்விக்குத் தோன்றவே இல்லை. அந்தப் பார்வை, ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பி ஒரு வேலையைப் பார்க்கிற அந்தப் பார்வை, இத்தனை வருடத்தில் இவள் செய்த எதன்மேலும் விழுந்ததில்லை. ஹாட் பாக்ஸைக் கொண்டுவந்த அன்று அவன் கேட்டது, "சூடு நிக்குமா?"

"வாற ஞாயித்துக்கிழம நானும் வாறேன்," என்றாள்.

அடுத்த ஞாயிறு பௌர்ணமி. பௌர்ணமிக்கு ஓதம் நன்றாக ஏறும், ஏறும் ஓதத்தோடு மடவை உள்ளே வரும், மடவைக்குப் பின்னால் கொடுவா வரும் என்று படப்பையிலிருந்து வண்டலூர்வரை பைக்கில் விளக்கிக்கொண்டே வந்தான். சொன்னதில் பாதிக்கு முன்னால் 'லீலா சொல்லுவா' என்று இருந்தது. பாண்டிச்செல்வி பின்னால் உட்கார்ந்து எண்ணத் தொடங்கி, கேளம்பாக்கம் வருவதற்குள் விட்டுவிட்டாள்.

கழிவெளியில் வெயில் சாய்ந்திருந்தது. உப்பளப் பாத்திகளைத் தாண்டி, உமரி சிவந்து கிடந்த மேட்டில் வண்டியை நிறுத்தினார்கள். தண்ணீர் கணுக்கால் அளவுக்கு மேட்டை நக்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரத்தில் எப்போதோ இடிந்த மதகின் கட்டைகள் நாலைந்து, சிப்பி அப்பிக் கருத்து நீட்டிக்கொண்டு நின்றன.

"அந்தக் கட்டைப் பக்கம் மட்டும் எறிஞ்சிராத. எங்க ஜிக்குல பாதி அங்கதான் கெடக்கு. லீலாவே அங்கன எறியப் பயப்படுவா."

"லீலா வரலையா இன்னைக்கு?"

"வருவா. வல்லத்துல ஏதோ விசேஷம், முடிச்சிட்டு வாறேன்னா."

அவளுக்கு ஒரு பழைய தூண்டில் ராடைக் கொடுத்து, முனையில் ரப்பர் மீன் ஒன்றைக் கட்டிவிட்டான். வால் பாதி கடிபட்டுப் போன ரப்பர் மீன். அவள் எறிந்தது எட்டு முழம்கூடப் போகவில்லை. தூண்டில் நரம்பைச் சுற்றுகிற ரீலின் கைப்பிடி இடப்பக்கம் இருந்தது. வலக்கையால் எறிந்து இடக்கையால் சுற்ற வேண்டும். அவளுக்கு அது தலைகீழ்.

"லீலா மொத நாளே அந்தக் கரை வரைக்கும் எறிஞ்சா," என்றான் மாரிராஜ். குத்திக்காட்டுவதாக நினைத்து அவன் சொல்லவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

பாண்டிச்செல்வி ராடை மடியில் வைத்துக்கொண்டு ரீலைத் திருப்பிப் பார்த்தாள். வலப்பக்கம் ஒரு மூடி இருந்தது. அதைத் திருகினாள், கழன்றது. இடப்பக்கத்துக் கைப்பிடியையும் கழற்றி, வலப்பக்கம் மாட்டினாள். மூடி இடப்பக்கத்துக்குப் போயிற்று.

"அப்படி மாத்தலாமா?" என்றான் மாரிராஜ்.

"லீலா சொல்லலையா?"

அவள் அடுத்து இடக்கையால் எறிந்தாள். சின்ன வயதில் ஆடு மேய்க்கும்போது, வெள்ளாடு வரப்புத் தாண்டினால் அதன் மூக்குக்கு முன்னால் மண்கட்டி விழுகிற மாதிரி எறிந்து திருப்பிய கை அது. ரப்பர் மீன் தண்ணீருக்கு மேல் நேராகப் போய், அவள் பார்த்த இடத்திலேயே விழுந்தது. மாரிராஜ் தன் ரீலைச் சுற்றுவதை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தான். நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாய் திறந்தவன், தன்னுடையதை ஓங்கி எறிந்தான். அவளுடையதைவிடக் குறைவாகத்தான் போயிற்று.

வெகு நேரம் ஒன்றும் கடிக்கவில்லை. ஒரு பூநாரைக் கூட்டம் தூரத்தில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு மேய்ந்தது. மாரிராஜின் போன் அடித்தது. "ஆங் லீலா. வா, வா. செல்வியும் வந்திருக்கா. இல்ல, ஒண்ணும் இல்ல. நீ வந்தாத்தான்." வழி காட்டுவதற்காக அவன் ரோட்டுப் பக்கம் நடந்தான்.

நீ வந்தால்தான்.

பாண்டிச்செல்வி பையைத் திறந்தாள். ரப்பர் பேண்டை உருவினாள். மஞ்சள் துணியை மடித்து மறுபடி பைக்குள் வைத்தாள்; அதன்மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை. ரப்பர் மீனைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, லீலாவின் மீனைக் கட்டினாள். பிறகு மதகுக் கட்டையைப் பார்த்தாள்.

அவள் நினைத்தது இவ்வளவுதான். சிப்பிக்குள் போய்ச் சிக்கட்டும். நரம்பு அறுந்து போகட்டும். ரப்பர் மீனைக் காணோம், இது கையில் கிடைத்தது, கட்டினேன், போய்விட்டது. அவன் முகத்தை ஒரு தரம் பார்த்தால் போதும்.

கட்டைகளுக்கு நடுவில், வேறு யாரும் துணிந்து எறியாத இடைவெளியில், சரியாக விழுந்தது. இழுத்தாள். சிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். தண்ணீருக்குள் அது நெளிந்த நெளிவு ராடு வழியாக அவள் உள்ளங்கைவரை வந்தது. நன்றாகத்தான் செய்திருக்கிறாள், பாவி, என்று நினைத்த கணத்தில் தண்ணீர் வெடித்தது.

ராடு வில்லாக வளைந்தது. ரீல் கிறீச்சிட்டு நரம்பை விட்டுக்கொண்டே போயிற்று. கட்டைப் பக்கம்தான் இழுத்தது. ஒரு சுற்று சுற்றிவிட்டால் நரம்பு சிப்பியில் பட்டு அறுந்துவிடும். மீனும் போகும், லீலாவின் ஜிக்கும் போகும். அவள் ஆசைப்பட்டது அதைத்தான். கையைச் சும்மா வைத்திருந்தால் போதும்.

கை சும்மா இருக்கவில்லை. செருப்பை உதறிவிட்டு முழங்கால்வரை தண்ணீரில் இறங்கினாள். கட்டையிலிருந்து விலகி, ராடைப் பக்கவாட்டில் சாய்த்து, ஓடும்போது விட்டு, நிற்கும்போது சுற்றினாள். புடவையாக இருந்தால் வழுக்கியிருப்பாள். நல்ல வேளை, சுடிதார். மீன் ஒரு முறை எம்பித் தலையை உதறியது. வெள்ளை வாய், அதன் ஓரத்தில் மர மீனின் பச்சை முதுகு. விடாதே, விடாதே என்று யாருக்குச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

மாரிராஜ் ஓடிவந்து சேர்ந்தபோது கொடுவா உமரிச் செடிமேல் கிடந்து செவுளை அடித்துக்கொண்டிருந்தது. அவளுடைய கை நீளம். அந்தக் கழியில் தூண்டில் போடுகிற யாரும் அந்த வருஷம் அப்படியொன்றைப் பிடிக்கவில்லை. பின்னாலேயே ஒரு பெண் ஸ்கூட்டர் சாவியைக் கையில் பிடித்தபடி வந்தாள். நாற்பதுக்குள் இருக்கும். தலையில் விசேஷ வீட்டு மல்லிகைப்பூ, காலில் ரப்பர் பூட்ஸ்.

மாரிராஜ் குனிந்து மீனின் வாயைப் பார்த்தான். மர மீன் தாடையில் குறுக்காக மாட்டியிருந்தது. அவன் முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு பெருமூச்சு விட்டுச் சிரித்தான்.

"லீலா ஜிக்குன்னா லீலா ஜிக்குதான்," என்றான்.

பாண்டிச்செல்வி கையிலிருந்த ராடைக் கீழே போட்டாள். அதற்கு முன்னால் பட்ட எரிச்சலெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. எறிந்தது இவள் கை. இழுத்தது இவள் கை. காலில் சிப்பி கிழித்து ரத்தம் வருகிறது. பேர் லீலாவுக்கு.

லீலா பூட்ஸோடு மண்டியிட்டு, இடுக்கியால் ஜிக்கை விடுவித்தாள். வார்னிஷ் பெயர்ந்து, வயிற்றில் பல் கீறி, அவள் கையெழுத்தில் 'லீ' மட்டும் மிச்சம் இருந்தது.

"இது நான் வருசப் பொறப்புக்குக் குடுத்தது இல்ல? இன்னாத்துக்கு மாரி இவ்ளோ நாள் வெச்சிகினு இருந்த? எறியறதுக்குத்தான குடுத்தேன். சாமி படத்தாண்ட வெக்கவா?"

"நல்லா இருந்துச்சேன்னு..."

"நல்லா கீதா இல்லியான்னு தண்ணிதான் சொல்லணும்." லீலா பாண்டிச்செல்வியை நிமிர்ந்து பார்த்தாள். "எங்கம்மா எறிஞ்ச? அந்தக் கட்ட நடுவாலயா? மெய்யாலுமா?"

"ஆமா."

"இன்னா தைரியம். எந்தக் கை?"

"நொட்டாங்கை."

லீலா தலையை ஆட்டினாள். "ஜிக்கு என்னுது. மீனு உன்னுது." பிறகு மாரிராஜின் பக்கம் திரும்பினாள். "உன்னுது இன்னா கீது இதுல?"

மாரிராஜ் தன் ராடை எடுத்துக்கொண்டு தண்ணீர் ஓரத்துக்குப் போனான். அந்தச் சாயங்காலம் முழுக்க அவனும் லீலாவும் எறிந்தார்கள். ஒன்றும் விழவில்லை. கொடுவாவைப் போட்டோ எடுக்கும்போது அவன்தான் பிடித்துக்கொண்டு நின்றான். கனமாக இருக்கிறது, நீ நழுவ விட்டுவிடுவாய் என்றான். எடுத்தவள் லீலா. போட்டோவில் பாண்டிச்செல்வியின் இடக்கை மட்டும் ஓரத்தில் தெரியும். மாரிராஜ் இந்த விஷயத்தை வேறு மாதிரிச் சொல்வான். போட்டோ இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்து குழம்பு வைத்தாள். அவன் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டான். அவளுக்கு இறங்கவில்லை. லீலா நல்லவள் என்பதுதான் பெரிய தொந்தரவாக இருந்தது. கெட்டவளாக இருந்தால் வசதி. திட்டவும் முடியாத ஒருத்தியின் பேரில் பொறாமைப்படுவதைப் போலக் கஷ்டம் இல்லை என்று அக்கா உலகம்மாளிடம் போனில் சொல்லி அழுதாள். அக்கா ஒன்றுதான் கேட்டாள்: "உனக்கு அவ மேல கோவமா, அந்த மரத்துண்டு மேல கோவமா?"

மறுநாள் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் பாண்டிச்செல்வி மாரிராஜின் பழைய ஹவாய் செருப்பை எடுத்து, வெள்ளைப் பாகத்தை பிளேடால் சீவ ஆரம்பித்தாள். முதலாவது பிஸ்கட் மாதிரி வந்தது. சைக்கிள் கம்பியை வளைத்து உள்ளே செருகினாள். ஹாட் பாக்ஸிலிருந்து ஈயத்தை எடுத்து வயிற்றில் பதித்தாள். பெட்டியைப் பாத்திரம் விளக்குகிற தூள் போட்டுத் தேய்த்துக் கழுவி, சமையலறைக்குக் கொண்டுபோய் வைத்தாள். தண்ணீர் டிரம்மில் விட்டுப் பார்த்தால் மீன் மல்லாந்தது. அடுத்தது ஒரு பக்கமாகச் சாய்ந்து வட்டம் போட்டது. லைனில் ஒயர் ஒரு பக்கம் இழுத்தால் பலகையில் இருக்கிற பின்னை எந்தப் பக்கம் நகர்த்துவோம் என்று யோசித்து, மூக்கு வளையத்தை எதிர்ப்பக்கம் ஒரு மயிரளவு வளைத்தாள். நேராக நீந்தியது. நெளிந்து நீந்தியது. டிரம்முக்குள் அதை இழுத்து இழுத்து விட்டு, சாதம் குழைந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

மாரிராஜ் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு இருந்தான். முதலில் சிரித்தான். பிறகு செருப்பைக் கேட்டான். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டின்போது டிரம் பக்கம் கண் போய்ப் போய் வந்தது.

கழிவெளிக்குப் போன நாளுக்குப் பிறகு மூன்றாவது ஞாயிறு. முதுகுக்கு நீலம் பூசிக் காய வைத்த மீனை ஜன்னல் கட்டையிலிருந்து எடுத்து, அடிவயிற்றில் மார்க்கரால் எழுதி, அதன்மேல் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு கோட்டிங் போட்டாள். காய்ந்ததும் மாரிராஜ் கையை நீட்டினான். வாங்குவதற்கு முன்னால் விரல்களை லுங்கியில் துடைத்துக்கொண்டான். ஜன்னல் பக்கம் திரும்பி, வெளிச்சத்தில் பிடித்து, மூக்கிலிருந்து வால்வரைக்கும், வாலிலிருந்து மூக்குவரைக்கும் பார்த்தான். பாண்டிச்செல்வி அடுப்பை அணைத்துவிட்டு நின்று, அவன் பார்ப்பதைப் பார்த்தாள். முழுசாகப் பார்த்து முடிக்கட்டும் என்று பொறுத்தாள்.

அவன் பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்தான்.

"சுத்தி வைக்கவா பண்ணுனேன்?" அவள் மீனை வாங்கித் தன் ராடின் நுனியில் கட்டினாள். "கெளம்புங்க. ஓதம் ஏறிரும்."

"செல்வி."

"என்ன?"

"எனக்கும் ஒண்ணு பண்ணித் தாட்டி."

"லீலாகிட்டக் கேளுங்க," என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள்.

அந்த மீனின் வயிற்றில் இருப்பது சுருக்கின பேர் இல்லை, முழுப் பேர்: பாண்டிச்செல்வி. இடது கையால் எழுதியது. எழுத்தின் கால் சாய வேண்டிய பக்கம் சாய்ந்து, கொம்பு நிமிர்ந்து நிற்கிறது. பள்ளிக்கூடத்திலும் பாங்கிலும் கம்பெனி கேட்டிலும் கல்யாண ரிஜிஸ்தரிலும் அதுவரை அவள் போட்டதெல்லாம் வாத்தியார் பழக்கிய வலக்கை போட்டது. அவள் தன் கையால் தன் பேரை முதன்முதலாக எழுதியது 2024 ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை.